நாய், பூனைக்குச் சட்டென்று கூப்பிட ஒரு பெயர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெயர் எவ்வளவு நீளம் இருக்கலாம்?

கைதட்டிக்கொண்டே சொல்லிப் பாருங்கள்: ம-ணி, டை-கர், ஜிம்-மி, டா-மி, ரா-ஜா, ரோ-சி. எல்லாமே இரண்டு தட்டு. தமிழ்நாட்டுத் தெருக்களில் தலைமுறை தலைமுறையாக ஒலிக்கும் நாய்ப் பெயர்களை யாரும் ஆராய்ந்து வைக்கவில்லை. வாசலில் நின்று கத்திக் கத்தித் தேய்ந்து மிஞ்சியவை அவை. இரண்டு தட்டு என்பது நல்ல அளவு. பேச்சுக்கு நடுவே தனித்துத் தெரியும் அளவுக்கு நீளமும், நாய் ரோட்டுப் பக்கம் ஓடும்போது ஒரே மூச்சில் சொல்லிவிடும் அளவுக்குச் சுருக்கமும் அதில் இருக்கிறது.

மேக்ஸ், ஜேக் மாதிரி ஒரு தட்டுப் பெயர் வைத்தாலும் நம் வாய் அதைவிடாது. பாட்டி ‘மேக்ஸு’ என்பார், காய்கறிக்காரர் ‘ஜேக்கு’ என்பார். அதனால் பெரிய கேடில்லை, தொடக்க ஒலி மாறாமல் இருந்தால் போதும்.

மூன்று தட்டுக்கு மேல் போனால்தான் சிக்கல். ‘அலெக்சாண்டர்’ என்று வைத்த நாயை அப்பா ‘அலெக்ஸ்’ என்றும், தங்கை ‘சாண்டி’ என்றும், அம்மா ‘அலேக்கு’ என்றும் கூப்பிடுவார்கள். நாய்க்கு அவை மூன்று தனித்தனிச் சத்தங்கள். நீளமான பெயர்தான் வேண்டும் என்றால் சுருக்கம் எது என்பதை முதல் நாளே வீட்டில் முடிவு செய்துவிடுங்கள். நீளப் பெயர் மருத்துவர் அட்டையில் இருக்கட்டும்.

எந்த ஒலியில் தொடங்க வேண்டும்?

‘க, ட, ப போன்ற வல்லின ஒலியில் தொடங்கினால்தான் நாய் கேட்கும்’ என்று பலரும் சட்டம்போலச் சொல்வதுண்டு. பாதிதான் உண்மை. வெடித்துக் கிளம்பும் ஒலி, தொடர்ந்து ஓடும் பேச்சிலிருந்து பெயரைப் பிரித்துக் காட்ட உதவும். தமிழ் வீட்டில் ‘ட’வுக்கு இன்னொரு வசதியும் உண்டு. தமிழ்ச் சொல் எதுவும் டகரத்தில் தொடங்காது. டீ, டிவி, டேய் என்று புழக்கத்தில் இருப்பவை சிலதான். டாமியும் டைகரும் வீட்டுப் பேச்சில் கரைந்து போகாததற்கு அது ஒரு காரணம். ‘டேய்’ என்று நாளெல்லாம் மகனை அதட்டும் வீட்டில் மட்டும் ‘டெய்சி’ வேண்டாம்.

ஆனால் மெய்யொலிகள் அருகில் இருக்கும்போதுதான் துல்லியமாகக் கேட்கும். மின்விசிறி, மிக்சி, மழை, இரண்டு அறைத் தொலைவு என்று ஏதாவது குறுக்கே வந்தால் முதலில் தேய்வது மெய், கடைசிவரை தாக்குப்பிடிப்பது உயிர். மாடியிலிருந்து ‘டாமி’ என்று கத்தினால் கீழே ‘ஆ-ஈ’தான் போய்ச் சேரும். அதனால் தொடக்க எழுத்தைவிட, பெயரில் இருக்கும் இரண்டு உயிரொலிகளுக்கு அதிக கவனம் கொடுங்கள். ‘ஆ-ஈ’, ‘ஓ-ஈ’, ‘ஈ-ஆ’ மாதிரி ஒன்றுக்கொன்று நன்றாக மாறுபட்ட இரண்டு உயிர்கள் வந்தால் நல்லது.

எந்த ஒலியில் முடிய வேண்டும்?

உயிரொலியில். காரணம், தமிழில் கூப்பிடும் முறையே அப்படி. தூரத்தில் இருப்பவரைக் கூப்பிடும்போது கடைசி உயிரை இழுக்கிறோம்: ‘மணீஈஈ’. பெயர் இகரத்தில் முடிந்தால் கூப்பிடும்போது ஈகாரம் ஆகும் என்பதும், சேய்மையில் உள்ளவரை அழைக்கும்போது மாத்திரை அளவுமீறி நீளும் என்பதும் தொல்காப்பியத்தின் விளிமரபிலேயே இருக்கிறது. ‘ராக்’, ‘பிங்க்’, ‘ஸ்பாட்’ போன்றவற்றில் இழுக்க இடமில்லை. தோட்டத்தின் மறுகோடி வரை போகாது. சிப்பிப்பாறை, கன்னி மாதிரி வெட்டவெளியில் ஓடவிடும் நாய் என்றால் இதை முதல் நிபந்தனையாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

இழுப்பதில் ஒரு நுணுக்கம். நாய்களோடு வேலை செய்யும் பயிற்சியாளர்களின் ஒலிகளை ஆராய்ந்த பேட்ரீசியா மெக்கானல், 1990இல் வெளியிட்ட ஆய்வில் கண்டது: குட்டையாக, மேலேறி, திரும்பத் திரும்ப வரும் ஒலி நாயை நகர வைக்கிறது, ஒரே நீட்டாக இறங்கிக்கொண்டு போகும் ஒலி அதை அடக்குகிறது. எனவே பெயரை இழுக்கும்போது முடிவு மேலே ஏறட்டும். களைப்போடு கீழே இறங்கும் ‘மணீஈ…’ கேட்டு நாய் நின்ற இடத்திலேயே நின்றால், அது அடம் பிடிக்கிறது என்று அர்த்தமில்லை.

கட்டளைகளோடு பெயர் மோதும் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. நல்ல பெயர்கள் அதிகம் வீணாவதும் இங்கேதான். நாய் நம் சொற்களை எழுத்தெழுத்தாகப் பிரித்துக் கேட்பதில்லை. ஹங்கேரியின் ஏத்வேஷ் லோராண்ட் பல்கலைக்கழகத்தினர் 2020இல் வெளியிட்ட மூளை அலை ஆய்வில், தெரிந்த கட்டளைக்கும் சம்பந்தமே இல்லாத வெற்று ஒலிக்கும் நாய்களின் மூளை வேறுவேறாக எதிர்வினை செய்தது. ஆனால் கட்டளையில் ஒரே ஒரு ஒலியை மட்டும் மாற்றிச் சொன்னபோது அந்த வேறுபாடு தென்படவில்லை. நமக்கு வேறு சொல்லாகத் தெரிவது அதற்கு அதே சொல்லாக இருக்கலாம்.

தமிழ் வீடுகளில் தமிழ்க் கட்டளையும் ஆங்கிலக் கட்டளையும் கலந்தே ஓடுகின்றன. இரண்டையும் பார்க்க வேண்டும்.

‘நோவா’ என்பது இருப்பதிலேயே மோசமான உதாரணம்: முதல் பாதி ‘நோ’, இரண்டாம் பாதி ‘வா’. தேவா, சிவா, ஜாவா எல்லாம் ‘வா’வில் முடிகின்றன, ‘சிவா, இரு’ என்று சொல்லும்போது வரச் சொல்கிறீர்களா நிற்கச் சொல்கிறீர்களா என்று நாய் குழம்பும். ஜூனோ, டைனோ இரண்டும் ‘நோ’வில் முடியும். ‘நிலா’ அழகான பெயர்தான், ஆனால் ‘நில்லு’ பழக்கும்போது தொல்லை தரும், லில்லியும் அப்படியே. சிட்டு, கிட்டு இரண்டும் ‘ஸிட்’டோடு ஒட்டிக்கொள்ளும். ஸ்டெல்லாவில் ‘ஸ்டே’ ஒளிந்திருக்கிறது. போலோ, போபோ இரண்டிலும் ‘போ’. பழுப்பு நாய்க்கெல்லாம் வைக்கப்படும் ‘பிரவுனி’க்குள் ‘டவுன்’ கிட்டத்தட்ட முழுசாக இருக்கிறது.

பெயர் ஏற்கெனவே வைத்தாகிவிட்டது என்றால் பெயரை மாற்றாதீர்கள், கட்டளையை மாற்றுங்கள். சிட்டுவுக்கு ‘ஸிட்’டுக்குப் பதில் ‘உட்காரு’, நிலாவுக்கு ‘நில்லு’வுக்குப் பதில் ‘ஸ்டே’, பிரவுனிக்கு ‘டவுன்’ இடத்தில் ‘படு’. கூடவே கைச்சாடையும் பழக்கினால் குழப்பம் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

வீட்டில் தினமும் புழங்கும் சொல்லைப் பெயராக வைக்கலாமா?

‘மணி’யே அப்படிப்பட்ட சொல்தான். ‘மணி என்ன?’, ‘மணி எட்டாச்சு’ என்று ஒரு நாளில் எத்தனை முறை சொல்கிறோம்! முதல் சில நாள் நாய் ஒவ்வொரு முறையும் தலை தூக்கும். ஒன்றும் கிடைக்காது என்று தெரிந்ததும் தலை தூக்குவதை விட்டுவிடும். பிறகு நீங்கள் நிஜமாகக் கூப்பிடும்போதும் அரைக்காதுதான் கொடுக்கும். அப்படியும் லட்சம் மணிகள் ஒழுங்காக ஓடி வருகின்றன என்றால், கூப்பிடும் தொனி வேறு, பேசும் தொனி வேறு என்பதால்தான்.

குட்டி, தங்கம், செல்லம், கண்ணு ஆகியவை இதைவிட மோசம். வீட்டில் சிறு பிள்ளை இருந்தால் அதே தொனியில் பிள்ளையையும் அப்படித்தான் கொஞ்சுவீர்கள். ‘தங்கம், சாப்பிட வா’ என்றால் இருவரும் வருவார்கள். கொஞ்சும் பெயராக அவை இருக்கட்டும், கூப்பிடும் பெயராக வேண்டாம்.

இரண்டு நாய், அல்லது நாயும் பூனையும் இருந்தால்?

முதல் ஒலி, உயிரொலிகள், தட்டு எண்ணிக்கை என்ற மூன்றில் குறைந்தது இரண்டு வேறுபட வேண்டும். ஜிம்மி-ஜாக்கி, சின்னு-முன்னு, டாமி-டாலி போன்ற ஜோடிகள் பெயர்ப் பலகையில் அழகு, தெருவில் தலைவலி. சின்னுவும் முன்னுவும் வெவ்வேறு ஒலியில் தொடங்கினாலும் தூரத்திலிருந்து கேட்டால் ‘-ன்னு’ மட்டுமே மிஞ்சும். டைகரும் ரோசியும் என்றால் எந்தத் தொலைவிலும் குழப்பமில்லை. வீட்டு மனிதர்களின் கூப்பிடும் பெயரையும் இதே கணக்கில் சேருங்கள்: வீட்டில் ‘ராஜி’ இருந்தால் நாய்க்கு ‘ராஜா’ வேண்டாம்.

பூனைக்குப் பெயர் தெரியுமா? வைத்துப் பயன் உண்டா?

தெரியும், வருமா என்பது வேறு கேள்வி. டோக்கியோ சோஃபியா பல்கலைக்கழகத்தில் இருந்த அட்சுகோ சைட்டோவின் குழு 2019இல் வெளியிட்ட ஆய்வில், அதே நீளமுள்ள நான்கு வேறு சொற்களை முதலில் ஒலிக்கவிட்டார்கள். பூனைகள் சலித்துப்போய்க் கவனிப்பதை விட்டன. ஐந்தாவதாகத் தன் பெயர் வந்ததும் காதோ தலையோ அசைந்தது. அந்நியர் குரலில் சொன்னபோதும் அப்படித்தான்.

அதே ஆய்வில் நமக்கு வேண்டிய பாடம் இன்னொன்று. பூனைகளோடு பொழுதுபோக்க வாடிக்கையாளர்கள் வரும் பூனை கஃபேயில் வாழும் பூனைகளுக்குத் தன் பெயரையும் கூட இருக்கும் பூனைகளின் பெயரையும் பிரித்தறிய முடியவில்லை. யார் பெயரைச் சொன்னாலும் எல்லாப் பூனைக்கும் ஏதாவது கிடைக்கும் இடத்தில் பெயருக்கு என்ன பொருள்? வீட்டில் மூன்று பூனை இருந்தால் ஒவ்வொன்றையும் தனியாக, தன் பெயரைச் சொல்லி, தன் தட்டில் சாப்பாடு வையுங்கள்.

ஒலியைப் பொறுத்தவரை, பூனைக்குக் கூர்மையான மேல்ஒலிகள் நன்றாக எட்டும். நம் வீடுகளில் ‘பூஸ் பூஸ்’ என்று கூப்பிடுவது சும்மா வந்த வழக்கமல்ல. சூசி, மிசி, கிச்சு போல ச, ஸ கலந்த பெயர்களை மெல்லச் சொன்னாலே காது திரும்பும்.

எப்போது பெயர் வைக்க வேண்டும்?

8 வாரம் நிரம்பாத குட்டியை விற்கக் கூடாது என்கின்றன 2017ஆம் ஆண்டின் நாய் வளர்ப்பு, விற்பனை விதிகள். எனவே குட்டி வீட்டுக்கு வரும்போதே பெயர் பழகும் வயதுதான். இரண்டு மூன்று நாள் அதன் குணத்தைப் பார்த்து வைக்கலாம், தவறில்லை. ஆனால் அந்த மூன்று நாளும் எல்லோரும் ‘பப்பி, பப்பி’ என்று கூப்பிட்டால் பெயர் பப்பி என்று முடிவாகிவிடும்.

முடிவு செய்யும் முன் சோதித்துப் பார்க்க வழி உண்டா?

உண்டு. இரண்டு மூன்று பெயர்களைத் தாளில் எழுதுங்கள். மொட்டை மாடிக்கோ தெருமுனைக்கோ போய் வீட்டில் இருப்பவரிடம் ஒவ்வொன்றையும் முழுக்குரலில் கத்துங்கள். வெட்கமாக இருக்கிறதா? அந்தப் பெயரை அடித்துவிடுங்கள். பத்துப் பன்னிரண்டு வருடம் கத்தப் போகிறீர்கள். அடுத்து, கோபமாக, அவசரமாக, வாயில் சாப்பாட்டோடு சொல்லிப் பாருங்கள். வீட்டின் மூத்தவரையும் சின்னக் குழந்தையையும் சொல்லச் சொல்லுங்கள். ஃப, ஸ, ஷ ஒலிகளை ஒருவர் வேறு மாதிரி சொன்னால் (‘ஃபிஃபி’ சிலர் வாயில் ‘பிப்பி’) யோசியுங்கள். கடைசியாக, ‘வா, போ, இரு, நோ’ நான்கையும் பெயருக்குப் பின்னால் சேர்த்துச் சொல்லுங்கள். நாக்கு தடுக்கினால் அந்தப் பெயர் வேண்டாம்.

பெயரைப் பழக்குவது எப்படி?

பெயருக்குப் பொருள் கொடுப்பது அதற்கு அடுத்த ஒரு வினாடியில் நடக்கும் விஷயம். உப்பு, மசாலா, எண்ணெய் இல்லாமல் வேகவைத்த கோழியைப் பட்டாணி அளவுக்குப் பிய்த்து வைத்துக்கொள்ளுங்கள். சைவ வீடென்றால் பனீர்த் துணுக்கு, வேகவைத்த சர்க்கரைவள்ளி. திராட்சை, கிஸ்மிஸ், வெங்காயம், சாக்லேட் கூடவே கூடாது. நாய்க்கு அவை நஞ்சு.

டிவி ஓடாத அறை. குட்டி உங்களைப் பார்க்காமல் 3 அடி தள்ளி இருக்கும்போது பெயரை ஒரே ஒரு முறை உற்சாகமாகச் சொல்லுங்கள். தலை திரும்பிய கணத்தில் ‘குட்’, உடனே துணுக்கு. இப்படி 5 முதல் 8 முறை, மொத்தமே இரண்டு நிமிடம். நாளைக்கு 3 அல்லது 4 வேளை. பத்தில் எட்டு முறை திரும்ப ஆரம்பித்ததும் 6 அடி, 10 அடி, அடுத்த அறை, மாடி, வாசல், பிறகு செயினோடு தெரு. ஒரு படியில் தடுமாறினால் முந்தைய படிக்குத் திரும்புங்கள். துணுக்குகளெல்லாம் சேர்த்து அன்றைய சாப்பாட்டில் பத்தில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம்.

திரும்பவில்லை என்றால்? மறுபடி சொல்லாதீர்கள். நாக்கைச் சொடுக்குங்கள், அருகில் போங்கள், திரும்பியதும் கொடுங்கள். ‘மணி, மணி, மணி, மணீ!’ என்று அடுக்கினால், நான்காவது முறைதான் பெயர் என்று குட்டி கற்றுக்கொள்ளும்.

பெயர் தெரியும், ஆனாலும் கேட்டால் ஓடி ஒளிகிறது. ஏன்?

பெயர் கெட்டுப்போயிருக்கிறது. ‘டைகர்!’ என்றால் குளியல், ‘டைகர்!’ என்றால் நகம் வெட்டுதல், ‘டைகர்!’ என்றால் செருப்பைக் கடித்ததற்கு அடி. அதன் இடத்தில் இருந்தால் நீங்களும் கட்டிலுக்கு அடியில்தான் போவீர்கள். அதட்ட வேண்டிய இடத்தில் ‘நோ’ மட்டும் போதும், பெயரைச் சேர்க்காதீர்கள். குளிப்பாட்டவோ மருந்து கொடுக்கவோ வேண்டுமென்றால் கூப்பிடாமல் நீங்களே போய் அழைத்து வாருங்கள். இரண்டு வாரம் பெயருக்குப் பின்னால் நல்லது மட்டும் வந்தால் பெரும்பாலான நாய்கள் திரும்பி வரும். ரொம்பக் கெட்டுப்போயிருந்தால் புதுப் பெயரே சுலபம்.

வளர்ந்த நாயைத் தத்தெடுத்தோம். பெயரை மாற்றலாமா?

தாராளமாக. புதுப் பெயர், உடனே பழைய பெயர், உடனே துணுக்கு: இந்த வரிசை முக்கியம். புதியது முன்னால் வந்தால்தான் அது பழையதற்கு முன்னறிவிப்பாகும். தலைகீழாகச் சொன்னால் பழைய பெயருக்கே திரும்பிவிடும், புதியது வெறும் சத்தமாக நின்றுபோகும். புதுப் பெயருக்கே திரும்பத் தொடங்கியதும் பழையதை விட்டுவிடலாம். முந்தைய இடத்தில் அடி வாங்கிய நாய் என்றால் பழைய பெயரைத் தொடவே வேண்டாம். அதன் சாயலே இல்லாத ஒலியைத் தேர்ந்தெடுத்து முதலிலிருந்து பழக்குங்கள்.

எவ்வளவு பழக்கியும் திரும்பவே இல்லை?

காது கேட்கிறதா என்று பாருங்கள். டால்மேஷியன், நீலக் கண் வெள்ளைப் பூனை ஆகியவற்றில் பிறவிக் காது கேளாமை உண்டு. வெள்ளை நிற ராஜபாளையம் குட்டிகளிலும் உண்டு. தூங்கும்போது பின்னால் நின்று சாவிக்கொத்தை ஆட்டுங்கள். காற்றோ தரை அதிர்வோ அதன் மேல் படக் கூடாது, படும்படி செய்தால் அதற்கே விழித்துக்கொள்ளும். ஒரு காது மட்டும் கேட்கும் குட்டி இந்தச் சோதனையில் தப்பிவிடும் என்பதால் சந்தேகம் இருந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். காது கேட்காத நாய்க்குக் கைச்சாடைதான் பெயர். அது உங்களைப் பார்க்க, தரையைத் தட்டலாம், விளக்கைச் சிமிட்டலாம். அதே இரண்டு நிமிடப் பயிற்சிதான்.

மனிதர் பெயர், சாமி பெயர், தலைவர் பெயர் வைக்கலாமா?

சட்டத்தில் தடை இல்லை. ஆனால் பெயரைச் சொல்லப் போவது வாசலில், உரத்த குரலில், சில சமயம் ‘சனியனே’ சேர்த்து. எதிர்வீட்டுக்காரர் பெயரும் சுப்பு என்றால் யோசிக்க வேண்டியது நாயைப் பற்றி அல்ல. தலைவர் பெயர் வைத்து வம்பை விலைக்கு வாங்க வேண்டாம். சாமி பெயர் வைத்துவிட்டு ‘சீ, போ’ என்று சொல்ல முடியாமல் தவிப்பவர்களும் உண்டு.

பறவைகளுக்கு?

லவ் பேர்ட்ஸ் என்று கடைகளில் விற்கும் பட்ஜிகளுக்கு வைக்கலாம். அவற்றில் ஆண்கள் பெயரைத் திருப்பிச் சொல்லவும் கூடும். தினமும் ஒரே வேளையில் ஒருவரே சொல்லிப் பழக்க வேண்டும். பச்சைக்கிளிக்குப் பெயர் தேடுகிறீர்கள் என்றால் நிறுத்துங்கள்: நம் நாட்டுக் கிளிகளைக் கூண்டில் வளர்ப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

பதிவுகளில் எந்தப் பெயரை எழுதுவது?

தடுப்பூசி அட்டை, மாநகராட்சி உரிமம், மைக்ரோசிப் பதிவு ஆகிய எல்லாவற்றிலும் ஒரே பெயர், ஒரே எழுத்துக்கூட்டல். ஆங்கிலத்தில் எழுதும்போது ஓரிடத்தில் ஒரு ‘எம்’, இன்னோரிடத்தில் இரண்டு ‘எம்’ என்று ஜிம்மியை எழுதினால் பின்னால் திருத்த அலைய வேண்டும். மைக்ரோசிப்பில் பெயர் இருக்காது, 15 இலக்க எண் மட்டுமே இருக்கும். பெயரும் போன் எண்ணும் பதிவேட்டில் இருக்கும். எனவே போன் எண் மாறினால் அங்கே போய் மாற்றுங்கள். நாய் இனங்களைப் பதிவு செய்யும் கென்னல் கிளப் தரும் சான்றிதழில் வளர்ப்பாளரின் முன்னொட்டோடு வரும் நீளப் பெயர் அந்தத் தாளோடு நிற்கட்டும். பெல்ட்டில் தொங்கும் வில்லையில் இடம் குறைவு: போன் எண்ணைப் பெரிதாகப் பொறித்துவிட்டு, இடம் மிஞ்சினால் மட்டும் பெயரைப் பொறியுங்கள்.